பகிர்வு வண்டியும் நம் தோட்டப்புறமும்



1948ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் சிலர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, மகிழுந்தைப் பொதுவில் வைத்து ஓட்டினர். தனியே வாங்கப் பணமில்லை என்பதே காரணம். 2018இல் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு வந்த சோக்கார் போன்ற நிறுவனங்களின் வழி, கைப்பேசியில் பதிந்து மணிக்கணக்கில் ஓட்டும் முறையாக நாம் அறிந்தது அதன் பேரப்பிள்ளையே.

இதனால் புகை எவ்வாறு குறைகிறது? சொந்த வண்டிக்குத் தவணை, காப்புறுதி, சாலை வரி அனைத்தையும் முன்பே கட்டிவிடுகிறோம். பிறகு எண்ணெய்ச் செலவு மட்டுமே கண்ணில் படுகிறது. தெருமுனைக் கடைக்கும் வண்டியை எடுக்கிறோம். பகிர்வு வண்டியிலோ முழுச் செலவும் ஒவ்வொரு முறையும் எதிரே நிற்கும், கை தயங்கும். வட அமெரிக்காவில் இதனை ஆராய்ந்த எலியட் மார்ட்டினும் சூசன் ஷாகீனும், ஒரு பகிர்வு வண்டி 9 முதல் 13 வண்டிகளுக்கு ஈடாகிறது எனக் கணித்தனர். அவ்வாய்வில் பலர் சொல்லாமல் விடும் செய்தி ஒன்றும் உண்டு. சேர்ந்த குடும்பங்களுள் பெரும்பாலானவற்றின் புகை சற்றே கூடியது. முன்பு வண்டியே இல்லாதோர் அவர்களுள் பலர். சொந்த வண்டியைக் கைவிட்டவர்களால் ஏற்பட்ட குறைவு அதனை விஞ்சியது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1917இல் ஹென்றி ஃபோக்கோன்னியே செம்பனையை வணிகப் பயிராக நட்ட தென்னமரம் தோட்டம், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையில் உள்ளது. இங்கே இரயில் இல்லை. 2011இல் திறக்கப்பட்ட லாத்தார் விரைவுச்சாலை ஈஜோக் வரை வந்தது; வந்தது வண்டி உள்ளவர்க்கே. மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் போக, பழைய ‘காடி’ ஒன்றைக் கடனில் வாங்குவதே பல குடும்பங்களுக்கு வழி. நகரில் புகையைக் குறைக்கும் பகிர்வு, இங்கே முதலில் கடனைக் குறைக்கும். புகை சற்றே கூடினும் கூடும். அதனை நாம் குறையாகக் கொள்ளவில்லை. மூன்று வண்டி வைத்திருப்பவர் விட்டுக்கொடுக்க வேண்டியதை ஒன்றுமில்லாதவரிடம் கேட்பது முறையன்று.

வீடுகள் நெருக்கமில்லாத இடத்திற்குத் தனியார் நிறுவனம் எளிதில் வராது. சூரிக் வழியே இங்குப் பொருந்தும். அது நமக்குப் புதிதுமன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தோட்டத் தொழிலாளர் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினர். அவர்களின் பேரர்களால் நாற்பது வீட்டுக்கு இரண்டு வண்டி வாங்க இயலாதா? சிலாங்கூர் பல்கலைக்கழக வளாகமும் பெஸ்தாரி ஜெயாவிலேயே உள்ளது. வார நாள்களில் மாணவரும் வார இறுதியில் குடும்பங்களும் எடுத்தால் வண்டி சும்மா நிற்காது. சாவி யாரிடம், காப்புறுதி யார் பெயரில், சேதமானால் யார் பொறுப்பு என்பனவே கடினமான கேள்விகள். அவற்றுக்கு முன், மாணவர்கள் தத்தம் குடியிருப்பில் ஒரு கணக்கெடுக்கலாம்: எத்தனை வண்டிகள், எவ்வளவு தவணை, வாரத்தில் ஒவ்வொன்றும் ஓடும் நேரம் எத்தனை மணி.