இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

(பழைய மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரை)



கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல கியர் வெட்டுறவன் கணக்கைப் பத்திப் பேச வந்திருக்கான், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஷாப்புக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி கேட்டான்: "சார், 24 பல்லு, 72 பல்லுன்னா மூணுக்கு ஒண்ணுன்னு சுத்தமா வருது. எதுக்கு 23, 71ன்னு வம்பு?"

24, 72ஐ மீதியில்லாமல் வகுக்கும். அதனால் சின்ன கியரின் ஒரு பல், ஆயுசுக்கும் அதே மூன்று பற்களைத்தான் தொடும். அதில் பிசிறு இருந்தால் அந்த மூன்றும் காலி. 23க்கு 71 என்றால் ஒவ்வொரு பல்லும் 71ஐயும் ஒரு ரவுண்டு பார்த்துவிட்டுத்தான் திரும்பும், தேய்மானம் பரவிவிடும். விகிதம் துல்லியமாக மூன்றாக இருக்க வேண்டாத இடத்தில் இது நல்ல ஏற்பாடு. ஆக, வகுபடாத எண்ணுக்கு எங்க ஷாப்பில் தனி மரியாதை!

நம்ம இராமானுஜன் நேர் எதிர்ப்பக்கம் போனார். 1912ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், 1915ல் லண்டன் கணிதக் கழக இதழில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்கள் எவை என்பதுதான் விஷயம். 12க்கு 6 வகுத்திகள், 24க்கு 8, 60க்கு 12. இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட எண்களைப் பட்டியல் போட்டார். கடைசி எண் 6746328388800. அதாவது 6,74,632 கோடியே 83,88,800!

இதைப் பிரித்துப் பாருங்கள்: 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5 இரண்டு, 7 இரண்டு, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை. ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2×2. வகுத்திகள் 10080. பிளஸ் டூ படிப்பவர் போடக்கூடிய கணக்கு.

ஆனால் அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 293318625600. இதில் வேடிக்கை என்னவென்றால், கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் கிடைப்பது இதுதான். வகுத்திகள் சரிபாதி, 5040. கண்ணெதிரே இருந்தது, தப்பிவிட்டது.

இராமானுஜன் என்றாலே நாமகிரித் தாயார் கனவில் சொன்னார் என்று முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் திருப்தியில்லை. கனவில் வந்த பட்டியலில் ஓர் எண் விட்டுப்போகுமா? இது கால்குலேட்டர் இல்லாத காலத்தில் கையால், வரிசை வரிசையாகப் போட்ட உழைப்பு. "நமக்கெல்லாம் கணக்கு வராது, அது தெய்வ வரம்" என்று நழுவும் தம்பிகளுக்குத்தான் இதைச் சொல்கிறேன். 1916ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்ததற்கும் இந்தக் கட்டுரை முக்கியக் காரணம். அன்று கழகத்தில் பணமுடை. கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமல் நின்று, 1997ல்தான் வெளிவந்தது.

இன்னொன்று. விடுபட்ட எண்ணின் வகுத்திகள் 5040, கடைசி எண்ணின் வகுத்திகள் 10080 என்றேன். அந்த இரண்டுமே அவர் பட்டியலில் உள்ள எண்கள்தான். 5040க்கு 60 வகுத்திகள். 10080க்கு எத்தனை என்று சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் யாராவது வந்து சொல்லுங்கள்.