பழந்துணி மூட்டைக்குள் ஒரு போர்வை
(தோட்ட மாதர் சங்கக் கூட்டமொன்றில் தையல் பயிற்றுநர் ஆற்றிய உரை)



மலைநாட்டுக் குளிரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தை மாதம் நுவரெலியாப் பக்கம் கொழுந்து கருகிற அளவுக்குப் பனி விழும். தகரக் கூரை லயத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பிப் பாருங்க. ஒரே போர்வையை மூன்று பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கொண்டு கிடக்கும். பாட்டன் காலத்தில் தோட்டத்தில் கம்பளி கொடுத்துச் சம்பளத்தில் பிடித்தார்கள். இப்போது கடையில் கடனுக்கு வாங்கி நாமே மாதாமாதம் கட்டுகிறோம். ஆனால் காம்பரா மூலையில் ஒரு மூட்டை பழந்துணி கிடக்கிறதே, அதற்குள் ஒரு பிள்ளைக்குப் போர்வை இருக்கிறது.

முதலில் துணியைத் தெரிவு செய்யணும். இதில்தான் கவனம் வேண்டும். பருத்தித் துணி மட்டும் எடுங்க. சாரம், சட்டை, பாவாடை, பிள்ளைகளின் ஸ்கூல் வெள்ளை, எல்லாம் சரி. நைலான் சேலை பளபளவென்று இருக்கும், ஆசையாகவும் இருக்கும். வேண்டாம். நம்ம வீட்டில் அடுப்பும் படுக்கையும் பக்கத்துப் பக்கத்தில். ஒரு பொறி பறந்தால் நைலான் உருகித் தோலோடு ஒட்டிக் கொள்ளும். அதேபோல, மருந்து அடிக்கப் போகிறவர் போட்ட உடுப்பையும், உரச் சாக்கையும் இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. எத்தனை தரம் துவைத்தாலும் மருந்து முழுக்கப் போய்விட்டது என்று நம்ப முடியாது. பிள்ளை அதை வாயில் வைத்துச் சப்பும்.

கிழிந்த உடுப்பு என்றால் முழுக்கவும் கெட்டதில்லை. சாரம் உட்காரும் இடத்தில்தான் தேயும், ஓரம் நன்றாயிருக்கும். சேலையில் படங்கு உரசும் இடம் போய்விடும், உள்கொசுவம் புதுசு மாதிரி இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்க. நூல் விட்டால் அது கைப்பிடித் துணிக்குத்தான். நல்ல பாகங்களைத் துவைத்து, வெயிலில் காய வைத்த பிறகுதான் வெட்டணும். இல்லாவிட்டால் பிறகு ஒரு துண்டு சுருங்கும், மற்றது சுருங்காது.

பழைய கொப்பி மட்டையில் 5 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கோங்க. அதை வைத்துக் கோடு போட்டு 99 துண்டு வெட்டணும். பழந்துணி நூல் பிரியும். அதனால் ஓரத்தில் அரை அங்குலம் விட்டுத் தைக்கணும். தைத்து முடிய ஒவ்வொன்றும் 4 அங்குலம் நிற்கும். குறுக்கே 9, நெடுக்கே 11. ஒரு பிள்ளைக்குப் போதும்.

இரண்டு துண்டின் நல்ல பக்கங்களை ஒன்றோடொன்று வைத்துச் சின்னச் சின்னக் குத்தாகத் தையுங்க. நாலு குத்துக்கு ஒருமுறை ஊசியைப் பின்னுக்குக் கொண்டுவந்து ஒரு குத்துப் போட்டால் தையல் விடாது. நூல் முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம், சிக்கும். மெழுகுதிரியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் இன்னும் நல்லது. முதலில் ஒன்பது ஒன்பதாக வரிசை, பிறகு வரிசையோடு வரிசை.

நடுவில் தேய்ந்த கம்பளி, இல்லையென்றால் பழைய துவாய். ஒரு படைக்கு மேல் வைக்காதீங்க. நம்ம மழையில் தடித்த போர்வை கிழமைக்கணக்கில் காயாது, நாற்றம் பிடித்துவிடும். அடியில் 40க்கு 48 அங்குலத்தில் பழைய பெட்ஷீட். நாலு துண்டு சந்திக்கிற மூலைகளில் தடித்த நூலை மூன்று படையிலும் விட்டு எடுத்து, இரட்டை முடிச்சுப் போடுங்க. அடித்துணி ஓரத்தை மேலே மடித்துத் தைத்தால் வேலை முடிந்தது.

“ஒட்டுத் துணியா? பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க?” என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக வேலை செய்தவர்களின் சந்ததியினர் வாழும் இடம். குளிர் தாங்காத குடிசைகளில் பெண்கள் வேலை உடுப்பைக் கிழித்துத்தான் போர்வை தைத்தார்கள். 1942இல் மிசூரி பெட்வே என்ற தாய், இறந்துபோன கணவரின் உடுப்புகளில், அவர் நினைவாகப் போர்த்திக் கொள்ள ஒன்று தைத்தார். நம்ம பக்கத்தில் இறந்தவர் துணியை வைத்திருக்கத் தயங்குவோம், அது அவரவர் வழக்கம். அந்த ஊர்ப் போர்வைகளை 2002இல் நியூயோர்க் கலைக்கூடத்தில் சுவரில் மாட்டிக் காட்டினார்கள். 2006இல் அமெரிக்கத் தபால் முத்திரையிலும் வந்தன. வங்காளத்திலும் பழைய சேலைகளை அடுக்கித் தைப்பார்கள், காந்தா என்று பெயர்.

நேரம் எங்கே என்பீங்க. உண்மைதான். கொழுந்து நிறுத்து வந்து, சமைத்து, பிள்ளையைப் பார்த்து முடியவே கண் சொருகும். ஒரு நாளைக்கு ஒரு துண்டு சேர்த்தால் போதும். புரட்டாசியில் தொடங்கினால் தைப் பனிக்குக் கையில் இருக்கும். அண்ணன்மாரே, டவுன் தையற்கடையில் மிஷினில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் ஆம்பிளைகள்தானே? ஊசி உங்களையும் குத்தாது.

வரும் ஞாயிறு இரண்டு மணிக்குப் பிள்ளைக்காம்பராவில் கூடுவோம். கத்தரிக்கோல் என்னிடம் இரண்டு இருக்கிறது. ஊசியும் நூலும் அவரவர் கொண்டு வாங்க. துணியைத் துவைத்துக் கொண்டு வாங்க.