ஆட்டத்துக்கு யார் வரவில்லை?



இன்று 2023 நவம்பர் 26. திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறு, கிறிஸ்து அரசர் பெருவிழா. 1925ஆம் ஆண்டு திருத்தந்தை 11ஆம் பயஸ் இந்த விழாவை ஏற்படுத்தினார். முதல் உலகப் போர் முடிந்து, பெரிய பெரிய பேரரசுகள் சரிந்து கிடந்த காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில், உண்மையான அரசர் யார், அவர் எப்படி ஆள்கிறார் என்று கேட்கச் சொன்ன விழா இது. அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்கிவிடும்.

பெருவிழா என்று சொன்னாலும், எங்கள் கடலோர ஊர்களில் இது ஏறக்குறைய எல்லா ஞாயிறுகளையும் போன்ற ஒரு ஞாயிறுதான். குளிர் நாடுகளில் இதை இலையுதிர்காலத்தின் கடைசி நாள்கள் என்பார்கள். நம்மிடம் இலை உதிர்வதில்லை. கார்த்திகை பிறந்து பத்து நாள் ஆகிறது. மாலையில் ஒரு மழை பெய்யும், காலையில் மணல் குளிர்ந்து கிடக்கும். தென்மேற்குப் பருவத்தில் ஆர்ப்பரித்த மேற்குக் கடல் இப்போது அடங்கியிருக்கும். கோட்டாற்றில் சவேரியார் திருவிழா நடந்துகொண்டிருக்கும் நாள்கள் இவை. 1544ஆம் ஆண்டின் இறுதியில், இதே மாதங்களில்தான் அந்தப் புனிதர் இந்தக் கடற்கரை வழியே ஊர் ஊராக நடந்து திருமுழுக்குக் கொடுத்தார்.

குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தைப் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். கேரள எல்லையில் உள்ள நீரோடியிலிருந்து, குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் இரயுமன்துறை வரை வரிசையாக எட்டு ஊர்கள். மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை என்று ஒன்றை ஒன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஒவ்வோர் ஊரிலும் ஒரு கோயில், ஒரு பந்து மைதானம். மைதானம் இல்லாத இடத்தில் கடற்கரை மணலே மைதானம். இந்த மணலில் ஓடிய பிள்ளைகள் பலர் தமிழ்நாட்டு அணிக்காக சந்தோஷ் டிராபியில் ஆடியிருக்கிறார்கள். இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் 2019இல் இந்திய அணிக்காகவே ஆடினார்.

இங்கே ஞாயிறு எப்படிப் போகும் என்று சொல்கிறோம். சனிக்கிழமை வலை கரையேறினால், ஞாயிறு கடலுக்குப் போவதில்லை என்பது முன்னோர் வைத்த வழக்கம். காலையில் கோயில் மணி, திருப்பலி, அதன்பின் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி. மதியம் வீட்டில் கறியோ மீனோ, கூடவே மரச்சீனிக் கிழங்கு. வெயில் தாழ்ந்ததும் ஆட்டம். ஆட்டம் முடிந்தால் கவிழ்த்து வைத்த வள்ளத்தின்மேல் உட்கார்ந்து, ஒரு சாயாவை இரண்டாகப் பகிர்ந்து, இருட்டும் வரை பேச்சு. யார் படகு எந்தத் திசையில் போனது, யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், எந்த கோல் கோலே இல்லை, எல்லாம் அங்கேதான் முடிவாகும்.

அந்த மைதானத்தில் ஒரு வழக்கத்தை நாங்கள் கவனித்திருக்கிறோம். பந்தை உதைப்பதற்கு முன் எல்லோரும் சுற்றிப் பார்ப்பார்கள். "லேய் மக்கா, அவன் எங்கடே? ஏன் வரல்ல?" என்று ஒரு குரல் எழும். காய்ச்சலா, கடலுக்குப் போயிருக்கிறானா, வீட்டில் சண்டையா என்று தெரிந்த பிறகுதான் ஆட்டம் தொடங்கும். அணி என்றால் அப்படித்தான். ஓர் இடம் காலியாக இருந்தால் மற்றவர்களால் ஆட முடியாது.

அன்பார்ந்தவர்களே, ஆறு ஆண்டுகளுக்கு முன், 2017ஆம் ஆண்டிலும் நவம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அன்றும் கிறிஸ்து அரசர் பெருவிழா. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வரும் வாசக முறைப்படி, அன்றும் இன்று நாம் கேட்ட இதே மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரம்தான் வாசிக்கப்பட்டது. அன்றும் திருப்பலி முடிந்தது, மதியம் சாப்பாடு முடிந்தது, மாலையில் ஆட்டம் நடந்தது. எங்கள் பங்கில் கோல்காவலராக நின்ற ஓர் இளைஞர் அன்று நன்றாக ஆடினார் என்று நண்பர்கள் இன்றும் சொல்வார்கள். ஆட்டம் முடிந்ததும் கரையோரம் அம்மா வைத்திருந்த பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். அந்த அம்மா ஞாயிறுதோறும் எல்லாப் பிள்ளைகளுக்குமாக ஒரு பானை தண்ணீர் கொண்டுவந்து வைப்பது வழக்கம். அடுத்த ஞாயிறு பார்ப்போம் என்று சொல்லிப் பிரிந்தார்கள்.

புதன்கிழமை மாலை அவர் ஒரு சிறு படகில் மீன்பிடிக்கப் போனார். வியாழன், நவம்பர் 30, ஓகி புயல் குமரிக் கடலைத் தாக்கியது. எச்சரிக்கை கரைக்கு வந்து சேர்ந்த வேளையில், கடலுக்குள் இருந்தவர்களுக்கு அது எட்டவில்லை. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து மாவட்டமே இருளில் கிடந்தது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் திரும்பி வரவேயில்லை. அந்த இளைஞரும் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அந்த நாள்களில் பங்குகளில் பட்டியல் எழுதினோம். யார் எந்தப் படகில் போனார், எத்தனை பேர், யார் இன்னும் வரவில்லை என்ற பட்டியல். லட்சத்தீவிலிருந்தோ மகாராஷ்டிரக் கரையிலிருந்தோ ஓர் அழைப்பு வரும். "நாங்கள் உயிரோடு இருக்கிறோம்" என்று ஒரு குரல் கேட்கும். உடனே ஒரு படகின் பெயர்களை அடிப்போம். அழைப்பு வராத பெயர்கள் அப்படியே இருந்தன. எங்கள் பங்கில் அந்தப் பட்டியலை விரைவாகவும் பிழையில்லாமலும் சொன்னவர்கள் யார் தெரியுமா? ஞாயிறு மாலை பந்து விளையாடும் பிள்ளைகள். பங்குப் பதிவேட்டில் பெயர்கள் இருந்தன. ஆனால் போன ஞாயிறு ஆடியவன் யார், திங்களன்று எந்தப் படகில் ஏறினான், கூட யார் போனார் என்பது பதிவேட்டுக்குத் தெரியாது. நண்பர்களுக்குத் தெரிந்திருந்தது. வாரந்தோறும் "ஏன் வரல்ல?" என்று கேட்டுப் பழகியவர்கள் அவர்கள்.

அதன் பிறகு அந்த அம்மா மைதானத்துக்கு வரமாட்டார் என்று நினைத்தோம். சில மாதங்கள் வரவில்லைதான். பிறகு ஒரு ஞாயிறு பழையபடி பானையோடு வந்தார். கல்லறைத் திருநாளில் மற்றவர்கள் கல்லறைக்குப் பூ வைக்கப் போகும்போது, அவருக்குப் பூ வைக்க ஒரு கல்லறை இல்லை. ஒரு மெழுகுவர்த்தியைக் கடற்கரை மணலில் நட்டு வைப்பார். காற்று அணைத்துவிடும். மறுபடி ஏற்றுவார்.

இனிச் சொல்லப்போவது எங்களைக் குறித்தது. வெட்கத்தோடு சொல்கிறோம். இந்த ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் நாலைந்து பேர் பங்கு இல்லத்துக்கு வந்து நின்றார்கள். "ஃபாதர், அம்மாவக் காணல்ல. மூணு ஞாயிறா தண்ணி வரல்ல" என்றார்கள். போய்ப் பார்த்தோம். காலில் புண் வைத்து, காய்ச்சலோடு, பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்லாமல் அவர் படுத்துக் கிடந்தார். மூன்று ஞாயிறுகளும் திருப்பலி நடந்தது. அவர் எப்போதும் இடப்புறத் தூணருகே உட்காருவார். அந்த இடம் மூன்று வாரமும் காலியாக இருந்தது. பீடத்திலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும் இடம் அது. நாங்கள் பார்க்கவில்லை. அருகில் உட்காருகிறவர்களும் கேட்கவில்லை. காணிக்கையை எண்ணினோம், ஆளை எண்ணவில்லை.

இன்றைய நற்செய்தியில் அரசர் அரியணையில் அமர்ந்து என்ன கேட்கிறார் என்று பாருங்கள். எத்தனை விழா கொண்டாடினாய், எத்தனை கோபுரம் கட்டினாய் என்று அவர் கேட்பதாக அங்கே இல்லை. பசித்தவர், தாகமுற்றவர், நோயுற்றவர், சிறையில் இருந்தவர் என்று, யாருடைய கண்ணிலும் படாமல் போகிறவர்களின் வரிசை ஒன்றைச் சொல்லி, அங்கே இருந்தது நான்தான் என்கிறார். இன்னொன்றையும் கவனியுங்கள். வலப்பக்கம் நின்றவர்களும் "எப்போது உம்மைக் கண்டோம்?" என்றுதான் கேட்கிறார்கள். இடப்பக்கம் நின்றவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். இரண்டு பக்கத்தாருக்குமே அரசரை அடையாளம் தெரியவில்லை. ஒரு பக்கத்தார் தெரியாமலேயே ஒரு குவளை தண்ணீர் கொடுத்திருந்தார்கள். மறுபக்கத்தார் கொடுக்கவில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

அந்த அம்மாவிடம், தாகமாய் இருந்த கிறிஸ்துவுக்கு நீங்கள் தண்ணீர் கொடுத்தீர்கள் என்று சொன்னால், "பிள்ளைகளுக்குத்தானே சாமி கொடுத்தேன்" என்பார். அந்தப் பையன்களிடம், நோயுற்றிருந்த கிறிஸ்துவைத் தேடி வந்தீர்கள் என்று சொன்னால் சிரிப்பார்கள். தண்ணீர் வரவில்லை, அதனால் கேட்டோம் என்பார்கள். அவர்களுக்குத் தெரியாது. அரசருக்குத் தெரியும்.

அன்பானவர்களே, கோயில் வேறு, மைதானம் வேறு, நட்பு வேறு என்று நாம் ஞாயிற்றைப் பங்கு போட்டு வைத்திருக்கிறோம். திருப்பலி கடவுளுக்கு, மாலை நமக்கு என்று நினைக்கிறோம். ஆனால் ஒரே அப்பத்தில் பங்கு பெறும் நாமும் ஓர் அணிதான். நம் அணியில் யார் வரவில்லை என்று தெரியாமலேயே நாம் ஆட்டத்தைத் தொடங்கி, முடித்து, வீட்டுக்கும் போய்விடுகிறோமா என்று இன்று கேட்டுப் பார்ப்போம்.

பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம். இன்று திருப்பலிக்குப் போகும்போது, உங்கள் அருகில் வழக்கமாக உட்காருகிறவர் வந்திருக்கிறாரா என்று பாருங்கள். வரவில்லை என்றால், மாலைக்குள் அவர் வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். நகரத்தில் அடுக்குமாடியில் இருக்கிறீர்களா? மூன்று நாளாகத் திறக்காத கதவு எது என்று பாருங்கள். அன்பியக் கூட்டத்துக்கு வராமல் போனவரைப் பற்றிப் பேசாதீர்கள், அவரோடு போய்ப் பேசுங்கள். கணவரையோ மகனையோ ஆழ்கடலுக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கும் வீடுகளில், ஒரு சாயா குடித்துவிட்டு வாருங்கள். அடுத்த ஞாயிறு போகலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். அடுத்த ஞாயிறு நம் கையில் இல்லை என்பதை எங்கள் ஊர்கள் நன்றாக அறியும்.

அந்த அம்மாவுக்குக் கால் புண் ஆறிவிட்டது. பானையைத் தூக்க இப்போது முடிவதில்லை. பையன்கள் தூக்கி வருகிறார்கள். அவர் குவளையோடு பின்னால் நடந்து வருகிறார்.

மன்றாடுவோம். கிறிஸ்து அரசரே, காணாமல் போகிறவர்களைத் தேடி வருகிற ஆண்டவரே, கடலில் நாங்கள் இழந்த எங்கள் சகோதரர்களை உமது கரையில் சேர்த்தருளும். இன்று இரவு கடலில் இருக்கும் அனைவரையும் காத்தருளும். எங்கள் அருகில் காலியாகக் கிடக்கும் இடங்களைக் காண எங்களுக்குக் கண்களைத் தாரும். ஆமென்.