கைகள் பேசும் பொதுமொழி
(திருவிழாக் கலைநிகழ்ச்சியின் தொடக்கத்தில் ஆற்றப்பட்ட உரை)



இறைவனை ஆடல்வல்லானாகக் கண்டு வணங்கும் சமயம் நம் சமயம். எனவே, திருவிழா மேடையில் நடைபெறும் ஆடலும் பாடலும் பொழுதுபோக்கு மட்டுமல்ல. அவையும் வழிபாட்டின் ஓர் அங்கமே. ஆலயத்தில் வளர்ந்த இக்கலை சிங்கப்பூரில் அடுத்த வீட்டாரின் உள்ளத்தையும் தொட்ட வரலாற்றைச் சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

1952ஆம் ஆண்டில் கே. பி. பாஸ்கர் இங்கே ஒரு நடனப் பள்ளியைத் தொடங்கினார். 1955இல் அவருடைய துணைவியார் சாந்தா பாஸ்கர் கேரளத்திலிருந்து வந்து அப்பணியில் இணைந்தார். நம் புராணக் கதைகளை ஆடி வந்த அம்மையார், 1958இல் துணிவான ஒரு முயற்சியை மேற்கொண்டார். சீனர்கள் போற்றும் பட்டாம்பூச்சிக் காதலர் கதையை நம் நாட்டிய முறையில் நாடகமாக அமைத்தார்.

அக்கதையின் நாயகி கல்வி கற்கும் ஆசையால் ஆண் வேடம் பூண்டு செல்கிறாள். உடன் பயின்ற மாணவன்மீது அவளுக்கு அன்பு மலர்கிறது. அவள் பெண் என்பதை அவன் அறிந்து தேடி வரும்போது, பெற்றோர் அவளை வேறொருவனுக்கு நிச்சயித்துவிடுகின்றனர். அவன் ஏக்கத்தால் மாள்கிறான். மணப்பெண்ணாகச் செல்லும் வழியில் அவள் அவனுடைய கல்லறை முன் அழ, அது பிளக்கிறது; அவள் உள்ளே புகுகிறாள். பின் இருவரும் பட்டாம்பூச்சிகளாகப் பறந்து செல்கின்றனர்.

சீனக் கதையைப் பரதநாட்டியம் எவ்வாறு சொல்ல இயலும் என்று சிலர் வினவலாம். நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் அதற்கு விடை தருகிறது. பதாகம் என்னும் ஒரே கை மேகம், காடு, இரவு, ஆறு ஆகியவற்றைக் காட்டும் என்கிறது அந்நூல். மேகமும் ஆறும் எந்த இனத்தாருக்குத் தனிச்சொத்து? முத்திரை சொல்லைக் காட்டுவதன்று, பொருளைக் காட்டுவது. பிரிவுத் துயரைக் கண்கள் காட்டும்போது அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

1959இல் பூமலையில் தொடங்கிய 'அனேக்கா ராகம் ரக்யாட்' எனும் மக்கள் கலைநிகழ்ச்சிகளில் மலாய், சீன, இந்தியக் கலைஞர்கள் ஒரே மேடையேறினர். பாஸ்கர் தம்பதியரும் அவற்றில் பங்கேற்றனர். பிறர் கதையை ஆடியதால் நம் கலை தேய்ந்துவிடவில்லை. வேர் ஆழமாக இருந்ததால் கிளை வேலிக்கு அப்பாலும் நிழல் தந்தது. 1990இல் சாந்தா அம்மையாருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது. பாஸ்கர் 2013இலும், அம்மையார் 2022இலும் இறைவனடி சேர்ந்தனர்.

அன்பர்களே, அடுத்த வீட்டாருக்கும் புரியும்படி அவர்கள் ஆடினார்கள். நமக்குப் புரிகிறதா என்பதே என் கவலை. பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் பயில்கின்றனர்; அரங்கேற்றம் முடிந்ததும் பலருடைய சலங்கை பெட்டிக்குள் போய்விடுகிறது. தம் கையசைவின் பொருளை அவையோர் அறிவதில்லை என்று உணரும் குழந்தை யாருக்காக ஆடும்?

ஆகவே, நிருவாகக் குழுவினரிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒவ்வோர் ஆடலுக்கும் முன் அதன் கதையையும் முக்கிய முத்திரைகளையும், ஆடும் பிள்ளையே தமிழில் இரண்டு நிமிடம் எடுத்துரைக்கட்டும். அன்னதானத்திற்குப் பின், கூட்டம் கலைந்த நேரத்தில் அவர்களை மேடையேற்றாமல், நிறைந்த அவை முன் ஆடச் செய்யுங்கள். பெற்றோர்களே, வாய்ப்பிருந்தால் சீன, மலாய் நண்பர்களையும் அழைத்து வாருங்கள்.

தில்லைக் கூத்தனின் திருவருள் நம் பிள்ளைகளுக்குத் துணை நிற்பதாக.