பெற்ற உதவியும் பெறவிழையும் பெயரும்

(குடமுழுக்கு விழா அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்நன்னாளில் கல்வி குறித்துச் சில சொற்கள் கூறுமாறு விழாக் குழுவினர் எளியேனைப் பணித்தனர். பழைய ஏட்டுச் செய்திகளை விரித்துரைப்பேன் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யானோ, இந்நாளில் நம் இல்லங்கள் பலவற்றில் பெற்றோர் உறக்கத்தைக் கெடுக்கும் ஒரு வினாவையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன்.

என் தமக்கையாரின் பேத்தி சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் ஐந்தாண்டு பணியாற்றியவள். அமெரிக்க நாட்டில் எம்.பி.ஏ. என்னும் வணிக மேலாண்மைப் பட்டம் பயில விழைந்து விண்ணப்பித்தாள். பெயர்பெற்ற பள்ளிகள் நான்கும் இடமில்லை என்றன. தரவரிசையில் சற்றுக் கீழே நிற்கும் பள்ளி ஒன்று இடம் அளித்ததோடு, இரண்டாண்டுக் கல்விக் கட்டணம் முழுவதையும் உதவித்தொகையாகத் தருவதாகவும் எழுதிற்று. விடை கூற மூன்று வாரமே தவணை. அதனை ஏற்பதா? விடுத்து, அடுத்த ஆண்டு உயர்ந்த பள்ளிகளுக்கு மீண்டும் விண்ணப்பிப்பதா?

யான் சிறிதும் எண்ணாது, "வந்ததை ஏற்றுக்கொள், அம்மா, அதுவே மனநிறைவு" என்றேன். அவள் பணிவோடு, "தாத்தா, அது நிறைவா, அச்சமா என்று எப்படி அறிவது?" எனக் கேட்டாள். மடத்திலே அமர்ந்து பல்லாண்டு நூல் பயின்ற எனக்கு அன்று விடை வரவில்லை. பின்னர்த் தேடிக் கண்ட விடையையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

திருவள்ளுவர் பொருட்பாலில் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து நிறுத்தியுள்ளார். தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன அவை. நாற்பத்தேழு முதல் ஐம்பது வரையுள்ள இந்நான்கும் இவ்வினாவை அளக்கும் நான்கு கோல்கள் என்பேன்.

முதலாவது, தெரிந்து செயல்வகை. போவது, வருவது, வந்தது பின்னும் பயக்கும் பயன் ஆகிய மூன்றையும் எண்ணுதல். அந்நாட்டின் முன்னணிப் பள்ளிகள் பலவற்றில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டிற்கு 75,000 டாலரைக் கடந்து நிற்கின்றது. உணவும் உறையுளும் சேரின் இரண்டாண்டில் 2,00,000 டாலரைத் தாண்டும். எடுத்துக்காட்டாக, 1,50,000 டாலர் கடன், நூற்றுக்குப் பத்து வட்டி, பத்தாண்டுத் தவணை எனக் கொள்வோம். மாதந்தோறும் ஏறக்குறைய 1,980 டாலர் செலுத்துதல் வேண்டும். கட்டணம் நீங்கி, வாழ்க்கைச் செலவிற்கென 60,000 டாலரே கடன் கொள்பவர் அதே கணக்கில் 790 டாலர் அளவே செலுத்துவர். பத்தாண்டில் இவ்வேறுபாடு 1,42,000 டாலருக்கு மேற்படும். உயர்ந்த பெயர் இத்தொகையை மிகுதி ஊதியமாக ஈட்டித் தருமா என்பதே கேட்கத்தக்க கேள்வி. அடுத்த ஆண்டு பெரிய பள்ளியும் உதவித்தொகை தரும் என நம்புவோர் ஒன்றை நினைதல் வேண்டும். ஹார்வர்டு, ஸ்டான்போர்டு வணிகப் பள்ளிகள் பெரும்பாலும் மாணவரின் பொருள்நிலை நோக்கியே உதவுவன. மதிப்பெண் நோக்கி அல்ல.

இரண்டாவது, வலியறிதல். மீண்டும் விண்ணப்பிப்பாரை நோக்கி, 'சென்ற முறைக்குப் பின் நின்னிடத்து மாறியது யாது?' என வினவும் வழக்கம் பல பள்ளிகளுக்கு உண்டு. ஜிமேட் தேர்வில் மதிப்பெண் குறைந்திருப்பின் மீண்டும் எழுதி உயர்த்தலாம். பணியில் பொறுப்புக் கூடியிருப்பின் அதனைக் காட்டலாம். மாறியது ஒன்றும் இல்லையெனின் விடையும் மாறாது. இதனை யான் பட்டறிந்தே கூறுகின்றேன். இளமையில் பட்டணத்துக் கல்லூரி ஒன்றில்தான் பயில்வேன் எனப் பிடிவாதம் கொண்டு, இடம் கிடையாமல் ஓராண்டு வீட்டில் காத்திருந்தேன். அவ்வாண்டில் ஒரு நூலையும் ஒழுங்காகப் படித்திலேன். மறு ஆண்டும் அதே விடை வந்தது. அதன் பின்னரே திருமடத்துக் கல்லூரி என்னை ஏற்றுச் சோறும் இட்டுக் கல்வியும் தந்தது. காத்திருத்தல் வேறு, முயலுதல் வேறு என அன்று உணர்ந்தேன்.

மூன்றாவது, காலமறிதல். அப்பள்ளிகள் செப்டம்பரில் ஒருமுறையும் சனவரியில் மறுமுறையும் விண்ணப்பம் பெறுவது பெருவழக்கு. இடங்கள் பெரிதும் நிரம்பிய பின் இறுதிச் சுற்றில் விண்ணப்பித்துத் தவறியவர், அடுத்த செப்டம்பரில் முயல்வது அறிவுடைமையே. ஆனால் இன்று நீட்டப்பெற்ற உதவித்தொகை அடுத்த ஆண்டுவரை காத்து நிற்பது அரிது.

நான்காவது, இடனறிதல். தரவரிசை என்பது மலைமேல் வெட்டிய கல்வெட்டன்று. 'பிசினஸ்வீக்' இதழ் 1988 முதலும், 'பைனான்சியல் டைம்ஸ்' 1999 முதலும் தத்தம் முறையில் பட்டியல் இடுகின்றன. ஒரே பள்ளி ஒன்றில் மேலும் மற்றொன்றில் கீழும் நிற்கும். பிலடெல்பியா நகரத்து டெம்பிள் பல்கலைக்கழக வணிகப் பள்ளியின் இணையவழி எம்.பி.ஏ. நான்காண்டு தொடர்ந்து ஒரு பட்டியலில் முதலிடம் பெற்றது. அது பொய்த் தரவுகளால் பெற்ற இடம் என்பது 2018இல் வெளிப்பட்டது. 2021இல் அப்பள்ளியின் முன்னாள் தலைவரைக் குற்றவாளி என நீதிமன்றம் தீர்மானித்தது. ஆகவே பட்டியலைக் காட்டிலும், பள்ளிகள் வெளியிடும் வேலைவாய்ப்பு அறிக்கையைக் காண்க. நாம் விரும்பும் தொழிலுக்கு எந்நிறுவனங்கள் அங்கு வந்து ஆள் எடுக்கின்றன என்று அறிக. அந்நாட்டில் தங்கிப் பணியாற்றற்குரிய எச்-1பி அனுமதியோ, பொதுவில் 65,000, அங்கு முதுநிலைப் பட்டம் பெற்றார்க்கு மேலும் 20,000 என ஆண்டு எல்லை உடையது. எவ்வளவு பெரிய பள்ளியில் பயின்றாலும் அது உறுதியன்று. தாயகம் திரும்பி ரூபாயில் ஊதியம் பெற்றாலும் அடைக்கத்தக்க கடனே கடன்.

இந்நான்கையும் என் பேத்தி ஒரு தாளில் எழுதினாள். அவள் மதிப்பெண் முன்னரே உயர்ந்தது. முதற் சுற்றிலேயே விண்ணப்பித்தவள். திருத்தத்தக்க குறை ஒன்றும் தென்படவில்லை. பெருங்கடன் வேண்டின் ஓய்வுபெற்ற தந்தையின் வீட்டுப் பத்திரம் அடகிற்குச் செல்லும். அவள் விரும்பியதோ மருத்துவமனை நிருவாகம். அப்பள்ளியில் பயின்ற நால்வரிடம் பேசினாள். நால்வரும் அத்துறையில் இருந்தனர். இரண்டாம் ஆண்டும் உதவித்தொகை தொடர்தற்கு எவ்வளவு தரப்புள்ளி வேண்டும் எனப் பள்ளிக்கு எழுதிக் கேட்டாள். விடை வந்த பின்னரே இசைந்தாள்.

"தாத்தா, முதலில் நீங்கள் சொன்னதைத்தான் செய்திருக்கிறேன்" என்றாள். "இல்லை, அம்மா, யான் எண்ணாமல் சொன்னேன், நீ எண்ணிச் செய்தாய்" என்றேன். எண்ணாமல் ஏற்பது அச்சம். எண்ணி ஏற்பது நிறைவு. அவ்வாறே எண்ணாமல் மறுப்பது செருக்கு. எண்ணி மறுப்பது ஊக்கம். அவள் மதிப்பெண் குறைந்திருந்து, சில பள்ளிகளில் மட்டுமே ஆள் எடுக்கும் தொழிலை விரும்பியிருந்தால், 'ஓராண்டு முயல்க' என்றே யானும் கூறியிருப்பேன்.

பெற்றோர்களே! 'எத்தனையாவது இடத்துப் பள்ளி?' என்று பிள்ளைகளைக் கேளாதீர்கள், 'என்ன எண்ணினாய்?' என்று கேளுங்கள். இத்திருப்பணிக்கு வாரி வழங்கிய வள்ளல்களே! எங்கோ ஒருவர் கொடுத்த பொருளே கடல் கடந்து நம் வீட்டுப் பெண்ணுக்குக் கல்வியாயிற்று. நும் கொடையில் ஒரு பகுதி நம்மூர்ப் பிள்ளைகளின் படிப்பிற்கும் ஆகுக என வேண்டி அமைகின்றேன்.

வாழ்க, வளர்க!