செலவுக் கணக்கு இருவருக்கும் உரியது
(தானா ராத்தா தேயிலைத் தோட்டக் குடும்பத்தினரிடையே ஆற்றிய உரை)



கோவிட்-19 பெருந்தொற்றைத் தடுக்க, 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கடைக்குக் குடும்பத் தலைவர் மட்டுமே செல்ல வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. அடுக்களைச் சாமான்களை அதுவரை பெரும்பாலும் பெண்களே வாங்கி வந்தனர். ஆகவே, ஆடவர் பலர் பேரங்காடியில் நின்றுகொண்டு, எந்தக் கீரை, எந்த மீன் என்று மனைவியரைத் தொலைபேசியில் கேட்க நேர்ந்தது. நாம் சிரித்தோம். ஆயினும் ஓர் உண்மை புலப்பட்டது. அரிசி எத்தனை நாளைக்கு வரும், குழந்தையின் பால்மாவு எப்போது தீரும் என்று அறிந்தவர் ஒருவர். பணத்தைக் கையில் வைத்திருந்தவர் மற்றொருவர்.

அம்மாதத்தில் இம்மலையில் விளைந்த காய்கறிகள் சந்தைக்குச் செல்ல வழியின்றிக் கொட்டப்பட்டன. பலருடைய வருமானம் குறைந்தது. மாத வருமானம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத குடும்பங்களுக்கு அரசாங்கம் ஏப்ரல், மே மாதங்களில் 1,600 வெள்ளி உதவித்தொகை வழங்கியது. அத்தகைய பணத்தை எதற்குச் செலவிடுவது?

இக்கேள்வியில் ஆணும் பெண்ணும் எவ்வாறு வேறுபட்டனர் என்பதைத் தமிழ்நாட்டில் கண்டோம். ஊரடங்கில் மூடப்பட்டிருந்த அரசு மதுக்கடைகள் 2020 மே 7ஆம் நாள் திறக்கப்பட்டன. அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 170 கோடி ரூபாய்க்கு மது விற்றது. வரிசையில் நின்றவர் பெரும்பாலும் ஆடவர். பல ஊர்களில் கடைதிறப்பை எதிர்த்துத் திரண்டவர் பெண்கள். கூலியற்ற அந்நாட்களில் அரிசிக்கும் மருந்துக்கும் உரிய பணம் மதுவுக்குப் போகலாமா என்பதே அவர்களுடைய முறையீடு.

ஆடவர் அனைவரும் வீண்செலவு செய்வோர் என்று நாம் கூறவில்லை. தவணை முறையில் பொருள் வாங்கிக் கடன்படும் பெண்களும் உண்டு. தேயிலை கொய்வதிலும், ரப்பர் மரம் சீவுவதிலும் இருவருமே உழைக்கின்றனர். மழை பெய்தால் இருவர் கூலியும் குறைகின்றது. எனவே செலவும் இருவரும் அறிய நடைபெற வேண்டும்.

சம்பள நாளன்று கணவனும் மனைவியும் ஒன்றாக அமர்ந்து குறிப்பேட்டில் எழுதுங்கள். உணவு, மருந்து, பள்ளிச் செலவு முதலிடம் பெறட்டும். அடுத்துக் கடைப்பற்றைத் தீர்த்து, சிறு தொகையேனும் சேமியுங்கள். சிகரெட்டுக்கும் சேலைக்கும் மிஞ்சியதில் பங்கிடுங்கள். வங்கி இருப்பு எவ்வளவு என்பது இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

நோயும் அடைமழையும் மீண்டும் வரலாம். அன்று நம் பிள்ளைகளின் சோற்றைக் காப்பது இக்குறிப்பேடே.