திரைக்குப் பின்னால் நிற்பவர்



சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடுவதற்கு முன்னரே அவளைச் சூழ்ந்த கலைஞர்களை இளங்கோவடிகள் ஒவ்வொருவராக நம்முன் நிறுத்துகிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய அறுவர்க்கும் உரிய தகுதிகள் அங்கே வரையறுக்கப்படுகின்றன. அரங்கின் அளவும் கோல்கொண்டு கூறப்படுகிறது. ஆயினும் இவ்வறுவரையும் ஒருங்கு கூட்டி, ஊதியம் பேசி, வரவு செலவு பார்க்கும் ஒருவருக்கு அங்கே இலக்கணம் இல்லை. அந்த ஒருவரை எவ்வாறு தேர்வது என்பதே இவ்வுரையின் பொருள்.

2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் இளையராஜாவின் சிம்பொனியை இராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தபோது தமிழுலகம் பெருமிதம் கொண்டது. அன்று கண்ணுக்குப் புலப்பட்டவர்கள் இசையமைப்பாளரும், கோலேந்திய நடத்துநரும், கருவியிசைக் கலைஞர்களும் ஆவர். மேனாட்டு இசைக்குழுக்களில் இவர்களுக்குப் பின்னால் தலைமை நிர்வாகி என்றொருவர் உண்டு. எண்பது முதல் நூறு கலைஞர்கள் வரை அமரும் குழுவிற்கு அரங்கு அமர்த்துதல், ஒப்பந்தம் எழுதுதல், நன்கொடை திரட்டுதல், பிணக்குத் தீர்த்தல் யாவும் அவர் பணி. நுழைவுச்சீட்டு வருவாய் மட்டும் இத்தகைய குழுவின் செலவை ஈடுசெய்வதில்லை. அரசின் நல்கையோ செல்வர் கொடையோ இன்றி அது வாழாது. ஆகவே கொடுப்பவர் மொழியும் வாசிப்பவர் மொழியும் ஒருங்கே அறிந்த ஒருவர் இடையே நிற்க வேண்டியுள்ளது.

அவ்விடத்தில் நம்பிக்கை முறிந்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்க நாட்டு மின்னசோட்டா இசைக்குழு சான்றாகும். 1903இல் தோன்றிய அக்குழு, பின்லாந்து நாட்டவரான ஓஸ்மோ வான்ஸ்கா என்னும் நடத்துநரின்கீழ்ப் பெரும்புகழ் எய்தியிருந்தது. பற்றாக்குறையைக் காட்டி ஊதியத்தைப் பெரிதும் குறைக்க ஆட்சிக்குழு முனைந்தது. குழுவின் தரமே அழியும் என்று கலைஞர்கள் மறுத்தனர். 2012 அக்டோபர் 1 முதல் கதவடைப்பு. பதினைந்து திங்கள் குழுவின் அரங்கில் அதன் இசை ஒலிக்கவில்லை. கலைஞர்கள் தாமே வேறிடங்களில் நிகழ்ச்சி நடத்தினர். 2013 அக்டோபரில் வான்ஸ்கா பதவி விலகினார். 2014 சனவரியில் உடன்பாடு பிறந்தது. கலைஞர்களும் சுமார் 15 விழுக்காடு ஊதியக் குறைப்பை ஏற்றுக்கொண்டனர்.

அதன்பின் நிகழ்ந்ததே ஈண்டு கருதத்தக்கது. அவ்வாண்டே நிர்வாகத் தலைமை மாறியது. பல்லாண்டு இசைநாடக நிறுவனம் ஒன்றை நடத்திப் பழகிய கெவின் சுமித் பொறுப்பேற்றார். வான்ஸ்காவும் மீண்டும் வந்தார். 2015 மே திங்களில் அதே குழு கியூபாவின் அவானா நகரம் சென்று வாசித்தது. பணமுடை ஓராண்டில் நீங்கிவிடவில்லை. குறைந்த ஊதியத்தோடுதான் கலைஞர்கள் வாசித்தனர். எனினும் நிர்வாகத்தோடு அவர்கள் ஓரணியில் நிற்க முடிந்தது. கணக்கு மட்டும் அறிந்தவரைத் தேடுவது போதாது என்பதையும், கலை மட்டும் அறிந்தவரால் பற்றாக்குறை தீராது என்பதையும் அந்த ஈராண்டு வரலாறு ஒருங்கே உணர்த்துகிறது.

கடல் கடந்த செய்தி காரைக்குடிக்கு எதற்கு என வினவலாம். ஒரு நிறுவனத்தைப் பிறர் கையில் ஒப்படைக்கும் கலையை இம்மண் நன்கறியும். இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளை முதலாளிகள் பெரும்பாலும் ஊரிலிருந்தே ஆண்டனர். அங்கே பொறுப்பு வகித்தவர் ஏஜண்டு எனப்பட்ட மேலாள். மூன்றாண்டுக் கணக்கு என்பது வழக்கமான தவணை. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகவே தரப்படும். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, தொழிலின் ஒவ்வொரு படியையும் கண்டவரே பெரும்பாலும் மேலாளாயினர். முதலாளியின் விலாசத்தை அவர் கையில் கொடுத்தபின், கடல் தாண்டி நாள்தோறும் கேள்வி கேட்க இயலாது. தேர்வதற்குமுன் கடுமை, தேர்ந்தபின் நம்பிக்கை என்பதே அம்முறையின் உயிர். வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தில், ஆராயாமல் தெளிவதையும் தெளிந்தபின் ஐயுறுவதையும் ஒருசேரக் கடிந்ததும் இதுபற்றியே.

எனினும் வட்டிக்கடைக்கும் கலைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கடையின் வெற்றியை ஐந்தொகையில் காணலாம். கலையின் வெற்றி அங்கே முழுதும் தெரியாது. அதனைக் காணும் கண் கம்பனடிப்பொடி சா. கணேசனாருக்கு இருந்தது. 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தோற்றுவித்த அவர், புலவர்களை மேடையேற்றித் தாம் பணியாளாய் நின்றார். கம்பன் விழாவின் காலந்தவறாமை நாடறிந்தது. எத்துணைப் பெரும்புலவராயினும் குறித்த நேரத்திற்குள் உரையை முடித்தாக வேண்டும். அக்கண்டிப்பைப் புலவர்கள் ஏற்றமைக்குக் காரணம், விதித்தவர் தமிழில் தோய்ந்தவர் என்பதே. அவர் 1982இல் மறைந்த பின்னரும் விழா தொடர்வது அவர் இட்ட அடித்தளத்தின் வலிமையைக் காட்டும்.

கணேசனார் தாமே எழுந்தவர். எவரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அத்தகையோர் எக்காலத்தும் வாய்ப்பதில்லை. நூறு பேர் கொண்ட இசைக்குழுவாயினும், இருபது பேர் கூடும் இலக்கிய வட்டமாயினும், தோற்றுவித்தவரின் ஊக்கம் முதற்பத்தாண்டுகளைக் கடத்திவிடும். அடுத்த பத்தாண்டுகளுக்கு ஒருவரைத் தேடித்தான் ஆகவேண்டும். ஆள் கிடைக்காமல் பூட்டிய மன்றங்கள் நம் நாட்டில் பல. பொருந்தா ஆளிடம் சிக்கி, கவிஞர் ஒவ்வொருவராக விலகிப்போக, பெயர்ப்பலகை மட்டும் எஞ்சியவையும் உண்டு.

ஆதலின் தேர்வோர் செய்யத்தக்கவை மூன்று. வாசிக்கும் கலைஞரையும் தேர்வுக் குழுவில் அமர்த்துதல் முதலாவது. பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழுவில் தலைமை நடத்துநரைக் கலைஞர்களே வாக்களித்துத் தேர்கின்றனர் என்பது நினைவிற்குரியது. பொறுப்பின் எல்லையையும் தவணையையும் முன்னரே எழுதிவைத்தல் இரண்டாவது. மூன்றாவது, நேர்காணலில் கேட்கும் வினாக்களின் வரிசை. வந்தவரிடம் முதலில் கணக்கைப் பற்றிக் கேட்க வேண்டா. எந்த இசையைக் கேட்டு, அல்லது எந்தக் கவிதையைப் படித்து, அவர் ஓரிரவு உறக்கம் இழந்தார் என்று கேட்கட்டும். அதற்கு விடை சொல்லத் தெரிந்தவரிடம் கணக்கேட்டை எடுத்து வைத்து, அடுத்த வினாவைத் தொடங்கலாம்.